வழி சொல்லாத வழிநூல்கள்

கோடை விடுமுறைக்குத் தமிழகம் சென்று மீளும் நம்மவர் பெட்டிகளில், அப்பளம், வற்றல், காப்பித்தூள் ஆகியவற்றோடு மூலிகை மருத்துவ நூல் ஒன்றும் பெரும்பாலும் இடம்பெறக் காண்கிறோம். பிறந்த மண்ணைவிட்டு ஆயிரம் கல் தொலைவில் வாழும் குடும்பங்களில், பாட்டி இல்லாத வீட்டில் பாட்டியின் இடத்தை நிரப்புவது அந்நூல். குழந்தைக்கு இருமல் என்றால் அதைத்தான் புரட்டுகிறோம். இந்த ஆர்வத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. இவ்வார்வத்தை முதலாக்கி நூல் வாணிகம் செய்வோருள் ஒரு சாராரைக் குறைகூறுவதே என் நோக்கம்.

அத்தகைய நூலொன்றை எடுத்துப் பாருங்கள். அட்டையில் ஆசிரியர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே நூற்றுக்கணக்கான மருந்து முறைகள் இருக்கும். எந்த முறை எந்த ஏட்டிலிருந்து எடுக்கப்பட்டது, எந்த மருத்துவர் கையாண்டது, யார் வாய்மொழியாகக் கேட்டது என்னும் குறிப்பு மட்டும் இராது. வரிக்கு வரி அதே சொற்கள் வேறொரு நூலில் வேறொருவர் பெயரில் கிடக்கும். “இது களவு அன்றோ?” என்று வினவினால், “களவு அன்று, அழிந்துபோகும் பழைய அறிவைக் காக்கிறோம்” என்று விடை வரும். காத்தல் என்னும் நல்ல சொல்லின் நிழலில் களவு குடியிருக்கிறது என்பதே என் வழக்கு.

கணக்குப் புத்தகத்தின் கதை

என் தந்தையார் தாமிரபரணிக் கரைச் சிற்றூர் ஒன்றில் பரம்பரை மருத்துவராக இருந்தவர். நீண்ட கணக்குப் புத்தகம் ஒன்றில் மருந்து முறைகளை எழுதி வந்தார். ஒவ்வொரு முறையின் கீழும் சிறு எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். ‘பாட்டனார் ஏட்டில் உள்ளது’, ‘மலையிலிருந்து வந்த காணிக்காரர் காட்டியது’, ‘மேலத்தெரு மருத்துவச்சி சொன்னது, நால்வருக்குக் கொடுத்தேன், மூவருக்குக் குணம்’ என்றவாறு அக்குறிப்புகள் அமையும். அன்று அவை எனக்கு வீண் வேலையாகத் தோன்றின.

நூல் எழுதுபவர் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்ட அன்பர் ஒருவர் அப்புத்தகத்தை இரவல் பெற்றுச் சென்று, ஓராண்டு கழித்துத் திருப்பித் தந்தார். சில மாதங்களில் அவர் பெயரால் ஒரு நூல் வெளிவந்தது. தந்தையார் அதை முழுதும் படித்தார். தம் பெயரோ, மலைக்காணியின் குறிப்போ, மருத்துவச்சியின் குறிப்போ எங்கும் இல்லை. “மருந்து நாலு பேருக்குப் போய்ச் சேர்ந்தால் சரிதான்” என்று கூறி நூலை மூடிவிட்டார். அவர் பெருந்தன்மையைக் கண்டு நானும் அமைதியுற்றேன். அவ்வமைதி பிழையானது என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

நான் பிழைப்பு நாடி வடக்கே வந்து குடியேறி நெடுநாள் சென்றபின், எங்கள் குடியிருப்பில் வாழும் தமிழன்பர் ஒருவர் கடும் பேதியும் வாந்தியும் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்று நாள் நரம்பு வழியே நீரேற்றிய பிறகே எழுந்து அமர்ந்தார். அவர் மனைவியார் ஒரு நூலைக் கையில் ஏந்தி என்னிடம் வந்தார். “அண்ணாச்சி, புத்தகத்தில் உள்ளபடிதான் செய்தோம். ஓர் எழுத்தும் மாற்றவில்லை. அடுத்தது பிள்ளைக்குக் கொடுப்பதாக இருந்தோம்” என்றார்.

பக்கத்தைப் புரட்டினேன். நேர்வாளம் சேர்ந்த பேதி மருந்து. சொற்கள் என் தந்தையாருடையவை. ஆனால் அட்டையில் இருந்த பெயர், இரவல் வாங்கிச் சென்ற அன்பருடையதும் அன்று. அவரைப் பார்த்து எழுதிய மற்றொருவருடையது.

நேர்வாளம் கொடிய வித்து. தோலையும் உள்ளிருக்கும் முளையையும் நீக்கி, முறைப்படி சுத்தி செய்த பின்னரே சித்த மருத்துவர் அதைத் தொடுவர். தந்தையார் ‘சுத்தி செய்த நேர்வாளம்’ என்று எழுதியிருந்தார். முதலில் அச்சிட்டவர் அதை அவ்வாறே வைத்திருந்தார். அவரைப் பார்த்து அச்சிட்டவர் ‘சுத்தி செய்த’ என்னும் இரு சொற்களை விட்டுவிட்டார். அதுமட்டுமன்று. தந்தையார் பிற்காலத்தில் அந்த முறையின் ஓரத்தில், ‘முன் எழுதிய அளவு மிகுதி, பாதி போதும், சிறுவர்க்கு ஆகாது’ என்று சிவப்பு மையால் திருத்தியிருந்தார். இரவல் பெற்றவருக்கு அஞ்சலட்டையும் எழுதினார். அதற்குள் நூல் கடைகளுக்குப் போய்விட்டது. அந்நூலைப் பார்த்து எழுதியவருக்கு யார் அஞ்சல் எழுதுவது? அவர் எதைப் பார்த்து எழுதினார் என்பதே நூலில் இல்லையே!

பெயர் மறைக்கப்பட்டதனால் என் தந்தையார்க்கு நேர்ந்த இழப்பு சிறிது. திருத்தம் போய்ச் சேரும் பாதை அடைபட்டதனால் நோயாளிக்கு நேர்ந்த இழப்பே பெரிது. கவிதையைத் திருடினால் கவிஞன் ஒருவனே வருந்துவான். மருந்து முறையை வழி மறைத்துத் திருடினால், அதை நம்பி உண்பவன் வருந்துவான். மருத்துவ நூலில் மூலம் குறிப்பது மரியாதைச் சடங்கு அன்று, அது மருந்தின் ஓர் உறுப்பு.

மரபின் தீர்ப்பு

“மேலைநாட்டார் கண்டுபிடித்த கொள்கைகளை நம் மரபின்மேல் ஏற்றாதீர்கள், நம் முன்னோர்க்கு நூற்களவு என்னும் எண்ணமே இருந்ததில்லை” என்று வாதிடுவோர் உளர். இவர்கள் மரபைப் போற்றுகிறார்களேயன்றி மரபைப் படித்தவர்களாகத் தெரியவில்லை.

தொல்காப்பியத்தின் மரபியல் நூல்களை முதல்நூல் என்றும் வழிநூல் என்றும் பிரிக்கிறது. முன்னோர் நூலைச் சுருக்கித் தொகுப்பதும், விரிப்பதும், இரண்டையும் சேர்த்துச் செய்வதும், மொழிபெயர்ப்பதும் வழிநூலின் வகைகளாக அங்கே ஏற்கப்படுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் நன்னூலில், முன்னோர் கருத்தை மட்டுமன்றி அவர்தம் சொற்களையே எடுத்தாள்வதற்கும் இடமளிக்கிறார். ஆகவே, பிறர் நூலிலிருந்து எடுப்பது நம் மரபில் குற்றமாகாது. இதுவரை எதிர்வழக்காடுவோர் கூற்றை நானும் ஒப்புகிறேன்.

ஆனால் அதே நன்னூல், சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டிய செய்திகள் எட்டு என்கிறது. அவற்றுள் முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது எது? வழி! அதாவது, இந்நூல் எதன் வழியில் வந்தது என்பது. நூலின் பெயரையும் பயனையும் கூறுவதற்கு முன்பே, அது யாரிடமிருந்து பெறப்பட்டது என்பதைக் கூறிவிட வேண்டும் என்பது நம் இலக்கண மரபு. எடுக்கும் உரிமையைத் தந்த கை, வழி கூறும் கடமையையும் சேர்த்தே தந்தது. உரிமையை மட்டும் பெற்றுக்கொண்டு கடமையை உதறுவோர் மரபின் பெயரைச் சொல்லத் தகுதியற்றவர்.

வடமொழி மருத்துவ நூல்களிலும் இந்நேர்மை உண்டு. சரக சங்கிதை என இன்று வழங்கும் நூல், அக்கினிவேசர் இயற்றியதைச் சரகர் செப்பஞ்செய்தது. காலத்தில் அதன் ஒரு பகுதி கிடைக்காமற்போக, த்ருடபலர் என்பார் பல நூல்களிலிருந்து திரட்டி நிறைவு செய்தார். தாம் சேர்த்த பகுதி எது என்பதை அவர் நூலிலேயே கூறிவிட்டார். மூவர் கைபட்ட நூலில் மூவர் பெயரும் நிலைத்து நிற்கின்றன.

ஏட்டுச்சுவடி படியெடுத்தோரையும் இங்கு நினைக்க வேண்டும். நம் நாட்டு வெப்பத்திலும் பூச்சியிலும் பனையோலை நெடுங்காலம் நில்லாது. மீண்டும் மீண்டும் படியெடுத்தமையாலேயே அகத்தியர், போகர், தேரையர், யூகிமுனி பெயரால் வழங்கும் மருத்துவப் பாடல்கள் நம் காலம்வரை வந்தன. அப்படியெடுத்தோர் பலர் சுவடியின் இறுதியில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்துப் பிழை பொறுக்க வேண்டினர். ‘எழுதியவன் நான்’ என்றார்களேயன்றி ‘இயற்றியவன் நான்’ என்று கூறவில்லை. அவர்களே காத்தவர்கள். இன்று அச்சில் வார்த்து ‘இயற்றியவன் நான்’ என்பார் அவர்களோடு தம்மை ஒப்பிடுவது தகாது.

இலக்கியத்துறையில் நமக்கு நல்லூழ் வாய்த்தது. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், தம் பதிப்புகளின் முன்னுரைகளில் ஏடு உதவியவர் பெயர்களையும் ஊர்களையும் நன்றியோடு குறித்தார், பாடவேறுபாடுகளையும் காட்டினார். அதனால் இன்றும் ஓர் ஐயம் எழுந்தால் பின்னோக்கிச் சென்று பார்க்கலாம். மருத்துவ நூல்களுள் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய பதிப்பாசிரியர் வாய்க்கவில்லை.

மூன்று சமாதானங்கள்

முதற் சமாதானம், அறிவு பொதுச்சொத்து என்பது. ஆம், பொதுச்சொத்துதான். ஊர்க் கிணற்றில் யாரும் நீர் மொள்ளலாம். ஆனால் கிணறு வெட்டியவர் பெயர் பொறித்த கல்லைப் பெயர்த்துத் தம் பெயரைப் பொறித்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. பயன் பொது, பெயர் உரியவருக்கு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 எழுத்து வடிவத்தைக் காக்கிறதேயன்றி அதனுள் இருக்கும் மருந்து முறையைக் காப்பதில்லை. ஆசிரியர் மறைந்து அறுபதாண்டு கழிந்தால் எழுத்தும் பொதுவாகிவிடும். சட்டம் விட்டுவிட்ட இடத்தில் அறம் நிற்க வேண்டாவா?

இரண்டாம் சமாதானம், சித்தர்களே தம் பெயரை மறைத்தவர்கள் என்பது. பிற்காலத்தார் பலர் தாம் இயற்றியவற்றை அகத்தியர் பெயரில் வழங்கவிட்டனர் என்பது உண்மையே. அதனால் நூல்களின் காலம் அறிவதில் இன்றும் இடர்ப்படுகிறோம் என்பதும் உண்மை. எனினும் அவர்கள் தம் உழைப்பைப் பிறர் பெயருக்குத் தந்தவர்கள், இவர்களோ பிறர் உழைப்பைத் தம் பெயருக்குக் கொண்டவர்கள். கொடையையும் கொள்ளையையும் ஒரே தட்டில் நிறுக்கலாமா?

மூன்றாம் சமாதானம், அச்சிடாவிட்டால் எல்லாம் அழிந்துபோம் என்பது. இதில் வலிமை உண்டு. ‘பரம்பரை இரகசியம்’ என்று மகனுக்கும் சொல்லாமல் மறைத்து, மருந்தோடு சேர்ந்து மாண்டுபோன மருத்துவர் நம் நாட்டில் எத்தனையோ பேர். அந்த மறைப்பு நூற்களவைவிடத் தீயது என்று கூறினும் மறுக்கமாட்டேன். ஆனால் அச்சிடுவதற்கும் பெயரை அழிப்பதற்கும் என்ன தொடர்பு? ஒரு முறையின் கீழே ஒரு வரி கூடுதலாக அச்சிட்டால் தாள் விலை எவ்வளவு ஏறிவிடும்?

அயல்நாட்டார் ஒருவர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். டச்சுக்காரரின் மலையாளப் பகுதிக்கு ஆளுநராக இருந்த வான் ரீடு என்பவர், மேற்குக் கடற்கரைத் தாவரங்களைப் பற்றி ‘ஓர்த்துசு மலபாரிக்கசு’ என்னும் இலத்தீன் நூலைத் தொகுப்பித்தார். 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக அது வெளிவந்தது. மூலிகைகளின் பெயரையும் பயனையும் எடுத்துரைத்த சேர்த்தலைப் பகுதி ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் 1675ஆம் ஆண்டு மலையாளத்தில் எழுதித் தந்த சான்று, முதல் தொகுதியிலேயே அச்சாகியுள்ளது. உதவிய கொங்கணி மருத்துவர் மூவரின் பெயரும் அதில் இடம்பெற்றுள்ளன. நம்மை ஆள வந்தவர் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பு காட்டிய நேர்மையை, நம்மவர் இன்று நமக்கே காட்டத் தயங்குவது எத்துணை வெட்கக்கேடு!

மஞ்சள் புகட்டிய பாடம்

1995ஆம் ஆண்டில் மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது நினைவிருக்கும். அதைப் பெற்றது மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம். நாடெங்கும் கொதித்தெழுந்தோம். ‘அயலான் நம் அடுக்களையில் புகுந்துவிட்டான்’ என்றோம். கண்டுபிடிப்பாளர்களாகப் பெயர் பதிவு செய்திருந்த இருவரும் இந்திய வழிவந்தோரே என்பதை அவ்வளவு உரக்கக் கூறவில்லை.

அந்தக் காப்புரிமை 1997இல் நீக்கப்பட்டது எவ்வாறு? நம் கொதிப்பினால் அன்று. அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் முப்பதுக்கும் மேற்பட்ட எழுத்துச் சான்றுகளைக் கொண்டுபோய் வைத்தது. பழைய நூல்களும், 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த கட்டுரையும் அவற்றுள் அடங்கும். ‘எங்கள் பாட்டி சொன்னாள்’ என்பது அங்கே செல்லாது. எந்த நூல், எந்த ஆண்டு என்றுதான் கேட்பார்கள். வேம்பின் பூஞ்சைக்கொல்லிக்கு ஐரோப்பாவில் வழங்கிய காப்புரிமையை 2000இல் நீக்கச் செய்து, மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியாகும்வரை நடந்த போராட்டமும் இதையே உணர்த்தியது.

இப்பட்டறிவினால் 2001இல் தொடங்கப்பட்டதே மரபுவழி அறிவு எண்மின் நூலகம். சித்த மருத்துவப் பாடல்களும் அதில் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், இசுப்பானியம், சப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் பெயர்த்து வைக்கப்பட்டுள்ளன. அதன் உயிர்நாடி என்ன? ஒவ்வொரு முறைக்கும் அது எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்னும் குறிப்பு! வழி மறைத்த நூல் அத்தகைய வழக்கில் எதற்குப் பயன்படும்? களவாடிய ஓலையைக் காட்டி நிலத்துக்கு உரிமை கோர முடியுமா? ஆகவே, வழியை அழிப்பவர் அறிவைக் காக்கவில்லை. அதைக் காக்கும் வேலியைப் பிடுங்குகிறார்.

பொதிகையில் வாழ்வோர்

இறுதியாக ஒன்று. அகத்தியர் மலை என்று நாம் போற்றும் பொதிகையில் காணி மக்கள் வாழ்கின்றனர். 1987இல் அம்மலையில் ஆய்வுக்குச் சென்ற கேரள அறிவியலாளர்க்கு வழிகாட்டிய காணி இளைஞர்கள், களைப்பறியாமல் நடந்ததோடு, ஒரு சிறு செடியின் காயைத் தின்றுகொண்டும் சென்றனர். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியைக் கொண்டு, திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிறுவனம் ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் தயாரிப்பு உரிமையைப் பத்து இலட்சம் ரூபாய்க்கு வழங்கியபோது, அதிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று அந்நிறுவனம் முடிவு செய்தது. 1997இல் அதற்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. காணி மக்கள் எல்லாரிடமும் கலந்து பேசவில்லை என்பது போன்ற குறைகள் அவ்வேற்பாட்டில் இருந்தன. எனினும், கற்றவர் கல்லாதவரைப் பார்த்து ‘இது உன்னுடையது’ என்று ஒப்புக்கொண்ட செயல் அது.

நம் நூலாசிரியர்களோ அகத்தியர் பெயரை அட்டைதோறும் அச்சிடுகிறார்கள். அகத்தியர் மலையில் வாழ்பவன் பெயரை உள்ளே ஒரு மூலையில் அச்சிட மறுக்கிறார்கள். மருத்துவச்சி பெயரை எழுதினால் நூலின் மதிப்புக் குறையும் என்று எண்ணுகிறார்கள். பெயர் மறைப்பில் சோம்பல் பாதி என்றால் சாதிச் செருக்கு மற்றொரு பாதி என்பதை நாம் துணிந்து கூறவேண்டும். அயலான் எடுத்தால் கொள்ளை, நாம் எளியவரிடம் எடுத்தால் பாதுகாப்பு என்னும் இரட்டை நீதி தமிழர்க்கு அழகன்று.

நாம் செய்யத்தக்கது

அன்பர்களே, தாயகத்தைவிட்டு வந்த நம் வீட்டுப் பரண்களிலும் இரும்புப் பெட்டிகளிலும் தாத்தாவின் குறிப்பேடுகள், அம்மாவின் மருந்துப் பட்டியல்கள் கிடக்கின்றன. அடுத்த தலைமுறை தமிழ் எழுத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. இன்று படியெடுக்காவிட்டால் அவை பழைய தாளாகப் போய்விடும். ஆகவே படியெடுங்கள். ஆனால் முறையோடு எடுங்கள். சொன்னவர் பெயர், ஊர், ஆண்டு இம்மூன்றும் ஒவ்வொரு முறையின் கீழும் இருக்கட்டும். ஓரக் குறிப்புகளையும் அடித்தல் திருத்தல்களையும் விடாதீர்கள். பெரும்பாலும் அங்கேதான் அறிவு இருக்கிறது. தெரியாத சொல்லைத் தெரிந்ததுபோல் மாற்றாதீர்கள். அச்சிடுமுன் கற்ற சித்த மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். விலை கொடுத்து நூல் வாங்கும்போது முதலில் முன்னுரையைப் புரட்டுங்கள். வழி கூறாத நூலைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். நம் சங்க நூலகங்களும் அத்தகைய நூலுக்கு அலமாரியில் இடம் தரலாகாது.

என் தந்தையாரின் கணக்குப் புத்தகத்தை இப்போது என் பெயர்த்தி படியெடுத்து வருகிறாள். ‘மேலத்தெரு மருத்துவச்சி’ என்று இருக்கும் இடங்களில் அவள் நின்றுவிடுகிறாள். “அவர் பெயர் என்ன தாத்தா?” என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. தந்தையாரும் எழுதி வைக்கவில்லை. அத்துணை கவனத்தோடு வழி குறித்தவரும் அந்த அம்மையாரைத் தெருவின் பெயராலேயே குறித்துவிட்டார். அக்குற்றத்தில் எங்கள் குடும்பத்துக்கும் பங்குண்டு என்பதை மறைத்துவிட்டு இக்கட்டுரையை முடிக்க எனக்கு உரிமையில்லை. ஊருக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம். விடை வரும்வரை அவ்விடங்களைக் கோடிட்டு விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே எங்கள் பெயர் ஏறாது.